டோக்கியோ டிஸ்னி: மூன்று வயதுப் பையன், முட்டிவலி உள்ள அம்மா. எந்தப் பூங்கா, எந்த நாள்?

நொய்யல்கரை கேட்டது:

வணக்கம். கோடை விடுமுறைக்கு ஜப்பான் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, ஏழு வயது மகள் (115 செ.மீ.), மகன் (98 செ.மீ., மே 20 அன்று நான்கு வயது நிறைகிறது), என் அம்மா. அம்மாவுக்கு முட்டிவலி, முட்டைகூடத் தொடாத சைவம். டிஸ்னிக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். ‘ஃப்ரோசன்’ படத்து எல்சாவைப் பார்க்காமல் மகள் ஊர் திரும்ப மாட்டாள்.

மே 4-க்கு டிக்கெட் எடுக்கப் போனால் பணம் கட்டும் இடத்தில் அட்டை மறுக்கப்படுகிறது. கணக்கில் பணம் இருக்கிறது. அங்கே இருக்கும் இரண்டு பூங்காக்களில் டிஸ்னிலாந்தா, டிஸ்னிசீயா என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.

பற்றுவரவு:

முதலில் அட்டை. இந்தியாவில் தரப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டே வரும். வங்கிச் செயலியில் அதை இயக்கி, ஆன்லைன் செலவுக்கான உச்சவரம்பையும் கூட்டுங்கள். இரண்டும் தனித்தனி இடத்தில் இருக்கும். பலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வங்கியோடு சண்டை போடுகிறார்கள். அப்படியும் நகரவில்லை என்றால் க்ளூக் போன்ற முகவரிடம் எடுங்கள். அங்கே கிடைக்கும் டிக்கெட்டையும் டிஸ்னி செயலியில் ஏற்றிக்கொள்ளலாம்.

எடோகாவாவாசி:

அட்டை மறுக்கப்பட்டது நல்லதாகப் போயிற்று. மே 4-ஆம் தேதியை விட்டுவிடுங்கள் ஐயா. ஏப்ரல் 29-இல் தொடங்கி மே முதல் வாரம் வரை இங்கே ‘கோல்டன் வீக்’. மே 3, 4, 5 மூன்றும் அரசு விடுமுறை. 5-ஆம் தேதி குழந்தைகள் தினம் வேறு. ஜப்பானில் பாதிப்பேர் பெட்டியோடு கிளம்பும் நாட்கள் அவை. பெரியவர்களுக்கான ஒருநாள் டிக்கெட் நாளைப் பொறுத்து 7,900 முதல் 10,900 யென் வரை மாறும். விடுமுறை நாட்களில் மேல் விலைதான்.

மே 7-க்குப் பிறகு, 20-க்கு முன் ஒரு வேலைநாளைப் பிடியுங்கள். மூன்று வயது வரை டிக்கெட் கிடையாது, நான்கிலிருந்து உண்டு. பையனின் பிறந்தநாளுக்கு முன் போனால் அவனுக்குச் செலவே இல்லை. விற்பனை இரண்டு மாதம் முன்னதாக, ஜப்பான் நேரம் பிற்பகல் 2 மணிக்குத் திறக்கும். உங்களுக்குக் காலை 10.30.

இரட்டைவால்:

நான் டிஸ்னிலாந்து கட்சி. மூன்று வயதுக்காரனுக்கு அங்கேதான் கொண்டாட்டம்: கோட்டை, பகல் ஊர்வலம், கரடிக்குட்டி பூவின் தேன்வேட்டை. டிஸ்னிசீயில் பெரிய சவாரிகள் பலவும் அவனுக்கு எட்டாது. சோரிங்கும் பீட்டர் பான் சவாரியும் 102 செ.மீ. கேட்கின்றன. எரிமலைக்குள் பாயும் சவாரிக்கு 117. உங்கள் மகளே இரண்டு செ.மீ. குறைகிறாள். வாசலில் அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். தடித்த காலணி போட்டு ஏமாற்ற நினைக்காதீர்கள், பாதுகாப்பு விஷயம்.

எடோகாவாவாசி:

இரட்டைவால் சொல்வது உயரக் கணக்கில் சரி. ஆனால் எல்சா இருப்பது டிஸ்னிசீயில். 2024 ஜூனில் திறந்த ஃபேண்டஸி ஸ்பிரிங்ஸ் பகுதியில் ஃப்ரோசன் படகுச் சவாரிக்கும் ரப்புன்சல் விளக்குத் திருவிழாவுக்கும் உயர வரம்பு இல்லை. தனியாக உட்காரத் தெரிந்தால் போதும். பையனுக்கு அவையே தாராளம். அதே பூங்காவின் மெர்மெய்ட் லகூன் பகுதியில் பெரும்பாலானவை கூரைக்குள் இருக்கின்றன, மழை வந்தாலும் தப்பித்தீர்கள். மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் டிஸ்னிசீதான்.

உள்ளே நுழைந்ததும் கோட்டையையும் எரிமலையையும் படம் பிடிக்க நிற்காதீர்கள். எல்லோருடைய டிக்கெட்டையும் ஒரே கைபேசியில் ஏற்றி வைத்து, செயலியில் ஃப்ரோசனுக்கு ‘பிரீமியர் அக்சஸ்’ (காசு கொடுத்து நீண்ட வரிசையைத் தவிர்க்கும் வசதி) எடுங்கள். தலைக்குச் சுமார் 2,000 யென். வாயிலைக் கடந்த பிறகுதான் வாங்க முடியும், சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்த சவாரிக்கு எடுக்க, ஒரு மணி நேரமோ, முதலில் எடுத்ததன் நேரமோ, எது முந்துகிறதோ அதுவரை பொறுக்க வேண்டும்.

பெரியவர்கள் ஏறும் சவாரிகளில், சிறுவனோடு ஒருவர் வெளியே நிற்க, மற்றவர் வந்ததும் இவர் திரும்ப வரிசை நிற்காமல் ஏறும் ஏற்பாடு உண்டு. நுழைவில் நிற்கும் ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நொய்யல்கரை:

மிக்க நன்றி. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கிவிட்டேன். பணம் கட்டுவது சரியாகிவிடும் போலிருக்கிறது. டிஸ்னிசீ என்று முடிவு. அம்மாவின் நடையும் சாப்பாடும்தான் கவலை.

எடோகாவாவாசி:

அம்மாவுக்காகச் சொல்கிறேன்: டோக்கியோ ஸ்டேஷன் வழியாக வராதீர்கள். டிஸ்னிக்குப் போகும் கெய்யோ பாதையின் நடைமேடை மற்றவற்றிலிருந்து வெகு தூரம், நிலத்தடியில் வேறு. பூங்காவுக்கு இறங்கும் ஸ்டேஷன் மைஹாமா. ஹனேடா, நரீத்தா விமான நிலையங்களிலிருந்து டிஸ்னிக்கே நேரடிப் பஸ் இருக்கிறது.

இன்னொரு வழி, என் சொந்தப் பரிந்துரை: கசாய் பக்கம் தங்குங்கள். கசாய் ஸ்டேஷனிலிருந்து டிஸ்னிக்கு நேரே ‘ஷட்டில் செவன்’ பஸ். பக்கத்து நிஷி-கசாயில் இந்தியக் குடும்பங்கள் ஏராளம். நம் கடைகளும் சாப்பாட்டு இடங்களும் உண்டு. காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம். பூங்காவில் சைவம் என்று நம்பிக் கேட்டாலும் சாறிலோ குழம்பிலோ மீன் கலந்திருக்கக்கூடும். ஒவ்வொன்றிலும் கேட்டு வாங்குங்கள். கட்டுச்சோறு உள்ளே அனுமதி இல்லை. வாயிலுக்கு வெளியே சாப்பிட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இரட்டைவால்:

சக்கர நாற்காலி பூங்காவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். அம்மா மறுப்பார், எல்லா அம்மாக்களும் மறுப்பார்கள். பாலங்களும் ஏற்ற இறக்கங்களும் உள்ள இடம் அது; காலையிலேயே எடுத்துவிடுங்கள். நடுவில் நீராவிக் கப்பலும் மின்ரயிலும் உட்கார்ந்தபடியே ஊர் காட்டும்.

நொய்யல்கரை:

பையனுக்குத் தள்ளுவண்டி இங்கிருந்தே கொண்டுவரவா?

எடோகாவாவாசி:

மடக்கக்கூடியது என்றால் கொண்டுவாருங்கள், ரயிலிலும் பஸ்ஸிலும் உதவும். பூங்கா வண்டி பூங்காவுக்குள் மட்டும்தான். சவாரி வாசல்களில் ஒரே மாதிரி வண்டிகள் நிற்கும், ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள்.