சின்ன எழுத்துக் கோப்புகளைக் கேட்டால் பெரிய எழுத்தும் சேர்ந்து வருகிறது, ஏன்?

சிப்புட்_கிராணி:
சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீஸில் வேலை. லோரி எடை டிக்கெட்டுகளை ஸ்கேன் பண்ணி ஒரு பழைய சென்ட்ஓஎஸ் 7 (லினக்ஸ்) சர்வரில் போட்டு வைக்கிறோம். கோப்புப் பெயரின் முதல் எழுத்து எந்த பிளாக் என்று காட்டும். மேனேஜர் சரிபார்த்தது என்றால் பெரிய எழுத்து, பார்க்காத நகல் என்றால் சின்ன எழுத்து. நகல்களை மட்டும் அழிக்கலாம் என்று சதுர அடைப்புக்குள் சின்ன ஏ, கோடு, சின்ன இசட், அப்புறம் நட்சத்திரம் போட்டு, ஆர்எம் (அழிக்கும் கட்டளை) அடிப்பதற்கு முன்னால் எகோவில் (எந்தப் பெயர்கள் சிக்குகின்றன என்று திரையில் காட்டும் கட்டளை) பார்த்தால் சரிபார்த்த டிக்கெட்டுகளும் வரிசையாக நிற்கின்றன! வேடிக்கை என்னவென்றால் பெரிய இசட் கோப்புகள் மட்டும் வரவில்லை. வீட்டு லேப்டாப்பில் உபுண்டு 22.04, அதே வரி அங்கே ஒழுங்காக ஓடுகிறது. பேஷில் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) பக் ஏதாவதா?

நைட்ஷிப்ட்:
லொகேல் (மொழி, எழுத்து வரிசை அமைப்பு) பிரச்சினைதான். எகோவுக்கு முன்னால் அதே வரியில் எல்சி_ஆல்=சி போடுங்கள், முடிந்தது.

பழைய_பெங்குவின்:
பக் இல்லை தம்பி. அந்த இசட்தான் துப்பு. பெரிய, சின்ன எழுத்தைப் பிரித்துப் பார்க்காத நோகேஸ்குளோப் விருப்பம் ஆன் ஆகியிருந்தால் அதுவும் வந்திருக்கும். உங்கள் சர்வர் அமெரிக்க ஆங்கில லொகேலில் இருக்கும், அதில் அகராதி வரிசை: சின்ன ஏ, பெரிய ஏ, சின்ன பி, பெரிய பி என்று போய் கடைசியில் சின்ன இசட், அதற்கும் பிறகு பெரிய இசட். சின்ன ஏ முதல் சின்ன இசட் வரை கேட்டீர்கள், நடுவில் இருந்ததெல்லாம் வந்துவிட்டது, பெரிய இசட் வெளியே நின்றுவிட்டது. லேப்டாப்பில் ஏன் சரி என்றால், எழுத்து வரம்பை லொகேல் வரிசைப்படி பார்க்காமல் இருக்க வைக்கும் குளோப்ஆஸ்கிரேஞ்சஸ் என்ற விருப்பம் பேஷ் 4.3இல் வந்தது, 5.0 முதல் தானாகவே ஆனில் இருக்கும்; சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது 4.2.

நைட்ஷிப்ட் சொன்னது இங்கே எடுபடாது. நட்சத்திரத்தையும் அடைப்பையும் கோப்புப் பெயர்களாக விரிப்பது ஷெல், எகோ இல்லை. முன்னால் ஒட்டிய மாறி அமலுக்கு வருவதற்குள் விரித்து முடித்திருக்கும். தனி வரியில் போட வேண்டும். அதைவிட, அடைப்புக்குள் [:லோவர்:] என்று எழுதுங்கள் (வெளியே இன்னொரு சதுர அடைப்பு, ஆக இரட்டை), வரிசை எப்படி இருந்தாலும் கவலை இல்லை. அழிக்கும் வேலைக்கு எழுத்து வரம்பை நம்புவது எனக்குப் பிடிக்காது.

சிப்புட்_கிராணி:
லோவர் வேலை செய்கிறது அண்ணே, நகல்கள் மட்டும்தான் வருகின்றன. ஆனாலும் எல்சி_ஆல்=சி என்று சர்வரிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டால் என்ன? சம்பளக் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறோம், அதற்கு ஏதாவது ஆகுமா?

பழைய_பெங்குவின்:
ஆகும். கோப்புப் பெயரில் ஏதாவது ஓர் எழுத்துக்குப் பதிலாகப் போடும் கேள்விக்குறி, சி லொகேலில் (எல்சி_ஆல்=சி கொண்டுவரும் அடிப்படை அமைப்பு) ஒரு பைட்டைத்தான் பிடிக்கும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'கூலி' என்ற பெயருக்கு 12 கேள்விக்குறி போட வேண்டி வரும். யூடிஎஃப்-8 லொகேலில் 4 போதும். கண்ணுக்கு இரண்டு எழுத்துதான், ஆனால் க, ஊகாரக் குறி, ல, இகரக் குறி என்று தனித்தனியாக எண்ணுகிறது, அதுவே எரிச்சல். வரிசை மட்டும் மாற வேண்டுமானால் எல்சி_கொலேட்=சி என்று எக்ஸ்போர்ட் செய்யுங்கள், எல்சி_ஆல் ஏற்கெனவே எங்காவது வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், அது இருந்தால் மற்றது எதுவும் செல்லாது. அப்புறம் எல்எஸ் (கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) பட்டியலில் பெரிய எழுத்துப் பெயர்கள் எல்லாம் முதலில் வரும், கோப்பு காணோம் என்று யாரும் போன் பண்ணாமல் ஆபீஸில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.