காதல் முறிந்த நண்பனை வெளிநாடு கூட்டிப்போகும் கதை: திரைக்கதையைப் படித்துச் சொல்ல ஆள் தேவை

வணக்கம் நண்பர்களே. நான் எழுதும் முதல் முழுநீளத் திரைக்கதை இது, நகைச்சுவை. ஐந்து வருடக் காதல் முறிந்து வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பவனை மூன்று நண்பர்கள் வெளிநாட்டுக்குக் கிளப்புகிறார்கள். அவனும் அவளும் சேர்ந்து போகப் போட்டு வைத்திருந்த பயணம் அது. விமான டிக்கெட்டில் பெயரை மாற்றி வேறு ஆளை அனுப்புவது பெரும்பாலும் நடக்காது. அதனால் அவன் பக்கத்து இருக்கை காலியாகவே வருகிறது. அந்தக் காலி இருக்கைதான் எனக்குக் கதையின் உயிர், அதை வெட்டச் சொல்லாதீர்கள்.

சிக்கல் நடுப்பகுதியில். ஒரு பக்கம் என்பது திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பார்கள். என்னுடையது 128 பக்கம், விமானம் ஏறுவதே 41ஆம் பக்கத்தில். அது தாமதம் என்று தெரிகிறது, சுருக்கிவிடுவேன். ஆனால் இறங்கிய பிறகு பாஸ்போர்ட் தொலைவது, தப்பான ரயிலில் ஏறுவது என்று காட்சிகள் தனித்தனியாக நிற்கின்றன. சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் ஒன்றை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நகர்கிறது. ஒரு காட்சியின் தவறு அடுத்த காட்சியைப் பிறப்பிக்க வேண்டும் என்று பார்க்கிறேன், பிடிபடவில்லை.

அப்புறம், அந்தப் பெண்ணை வில்லியாக்க எனக்கு மனமில்லை. அவளுக்கு இரண்டே காட்சிகள். அவள் பக்க நியாயம் அதில் தெரிகிறதா என்று பெண்கள் யாராவது படித்துச் சொன்னால் பெரிய உதவி.

41 முதல் 85 வரை படித்தால் போதும். எங்கே சிரித்தீர்கள், எங்கே தாண்டிப் போனீர்கள் என்று குறித்துக் கொடுங்கள். உங்கள் திரைக்கதையை நானும் முழுதாகப் படித்துத் தருகிறேன்.