பத்திர எழுத்தரின் மடிக்கணினிக்குக் கைரேகைப் பூட்டு தேவையா?

தென்காசிச் சாரல்:
வணக்கம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதும் தொழில் எனக்கு. பழைய கணினி போன மழையோடு போய்விட்டது. புதிதாக வாங்கிய மடிக்கணினியில் பவர் பட்டனிலேயே கைரேகை சென்சார் இருக்கிறது. திறந்த நாளிலிருந்து “விரலை வை, விரலை வை” என்று நச்சரிக்கிறது. இதுவரை கடவுச்சொல்தான். அது என் உதவியாளருக்கும் தெரியும், பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையனுக்கும் தெரியும் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் ஊரார் ஆதார் நகல், பட்டா, வில்லங்கச் சான்று, வரைவுப் பத்திரம். விரலை வைக்கலாமா?

திண்டுக்கல் பூட்டு:
வைக்காதீர்கள் ஐயா. சாவி தொலைந்தால் வேறு சாவி போட்டுக்கொள்ளலாம். ரேகை களவு போனால் ஒன்பது முறை விரல் மாற்றலாம், அப்புறம் செருப்பைக் கழற்ற வேண்டியதுதான். பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2014-இல் ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த உர்சுலா வான் டெர் லேயனின் கட்டைவிரல் ரேகையை, பொது நிகழ்ச்சியில் எடுத்த புகைப்படங்களிலிருந்தே உருவாக்கிக் காட்டினார்கள் அந்நாட்டின் ஹேக்கர்கள் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்காரர்கள். அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் ரேகைகள் திருடப்பட்ட செய்தி 2015-இல் வந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 2018-இல் தெலங்கானாவில் ஒருவர் பதிவுத்துறை இணையதளத்தில் கிடந்த பத்திரங்களிலிருந்து ரேகையை எடுத்து, ரப்பர் முத்திரை போலச் செய்து, அதை வைத்தே சிம் கார்டுகளுக்கு உயிர் கொடுத்தார். உங்கள் தொழிலுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

திருகாணி:
மூன்று வேறு கதைகளை ஒரே சட்டியில் போட்டுக் கிளறியிருக்கிறார் பூட்டு. அமெரிக்காவில் போனது ஒரே இடத்தில் குவித்து வைத்த ரேகைக் களஞ்சியம். ஆதாரும் மையத்தில் வைத்து ஒப்பிடுவது. மடிக்கணினியில் நடப்பது வேறு. 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த விண்டோஸ் ஹலோ என்ற உள்நுழைவு வசதி, ரேகையின் படத்தை எங்கும் அனுப்புவதில்லை. ரேகையிலிருந்து கணக்கிட்டு எடுத்த ஒரு வார்ப்பு அந்தக் கணினிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. புதிய மாடல்கள் பலவற்றில் சென்சார் சில்லுக்குள்ளேயே (சிப்) சேமிப்பும் ஒப்பீடும் முடிந்துவிடும். மேக் கணினிகளில் 2016 முதல் இதற்கென்றே தனிச் சில்லுப் பகுதி உண்டு.

சாரல் அண்ணாச்சி, உங்கள் எதிரி ஜெர்மனியில் இல்லை. ஜெராக்ஸ் கடையில் நிற்கிறான். அவனுக்குக் கடவுச்சொல் தெரியும், விரல் கிடைக்காது.

திண்டுக்கல் பூட்டு:
“சில்லுக்குள்ளேயே” என்று சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் 2023 நவம்பர் நினைவுக்கு வந்துவிட்டது. பிளாக்விங் இன்டெலிஜென்ஸ் என்ற ஆய்வுக் குழு, மைக்ரோசாஃப்டே கேட்டுக்கொண்டதன் பேரில் மூன்று மடிக்கணினிகளைச் சோதித்தது. டெல் இன்ஸ்பிரான் 15, லெனோவோ திங்க்பேட் டி14, மைக்ரோசாஃப்டின் சொந்தச் சர்ஃபேஸ் ப்ரோ எக்ஸ். மூன்றும் திறந்துகொண்டன. சர்ஃபேஸில் நடந்ததுதான் வேடிக்கை. ரேகை சென்சார் இருப்பது கழற்றி மாட்டும் விசைப்பலகையில். அதைக் கழற்றிவிட்டு, “நான்தான் அந்த சென்சார்” என்று பொய் சொல்லும் ஒரு யு.எஸ்.பி. கருவியைச் செருகினார்கள். “வந்தவர் உரிமையாளர்தான்” என்று அது சொன்னது, கணினியும் கும்பிட்டு உள்ளே விட்டது. சென்சாரும் கணினியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வதற்காகவே மைக்ரோசாஃப்ட் ஒரு நெறிமுறை வகுத்திருந்தது. மூன்றில் இரண்டில் அது இயக்கப்படவே இல்லை. வாசலில் காவலாளி இருக்கிறான், தூங்குகிறான்.

திருகாணி:
அது வெட்கக்கேடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோதனையில் யாருடைய ரேகையாவது வெளியே போனதா? இல்லை. டெல் கதையைப் பாருங்கள்: கணினியை லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தில் ஏற்றி, அதன் விரல் பட்டியலில் உரிமையாளரின் அடையாள எண்ணிலேயே தன் விரலைப் பதிந்து, நடுவில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை வைத்து, விண்டோஸ் பட்டியலுக்குப் பதில் அந்தப் பட்டியலைச் சென்சார் பார்க்க வைத்தார்கள். கணினி கையில் இருக்க வேண்டும், வித்தையும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவு தெரிந்தவன் பட்டா நகலுக்காகத் தென்காசிக்கு வரமாட்டான்.

பழைய கணினி என்றால் நானே வேண்டாம் என்பேன். லெனோவோவின் ஃபிங்கர்பிரிண்ட் மேனேஜர் ப்ரோ என்ற பழைய மென்பொருளில் கடவுச்சொல்லே உள்ளே எழுதிவைக்கப்பட்டிருந்தது 2018-இல் வெளியானது. அது விண்டோஸ் 7, 8 காலத்துச் சரக்கு.

மல்லிகைப்பந்தல்:
இரண்டு அண்ணன்மாரும் ஆய்வுக்கூடத்திலேயே நிற்கிறீர்கள். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பு வேலை எனக்கு. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்தேன். என் மகனுக்குப் பதினொரு வயது. மடிக்கணினியைத் தூக்கி வந்து, என் ஆள்காட்டி விரலை மெதுவாகப் பிடித்து, ஒரு ஒற்று. நான் விழித்தபோது இரண்டு மணி நேரம் விளையாடி முடித்திருந்தான். எந்தக் கைவிரல் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். “தினமும் பார்க்கிறேனே அம்மா” என்றான். தூங்குகிறவளிடம் கடவுச்சொல்லைப் பிடுங்க முடியுமா?

பாத்திரம் தேய்த்த கையையும் புளி கரைத்த கையையும் அது ஏற்பதில்லை. ரேஷன் கடையில் விரல் பதியாமல் என் மாமியார் படும் பாடு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

கறுப்பு அங்கி:
சட்டப் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். தனக்கெதிராகச் சாட்சி சொல்லும்படி குற்றம் சாட்டப்பட்டவரை வற்புறுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3)-ஆம் பிரிவு. ஆனால் ரேகை கொடுப்பது சாட்சி சொல்வதாகாது என்று 1961-இலேயே காத்தி காலு ஓகட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்வு கூறிவிட்டது. அந்த வழக்கு ஒப்பீட்டுக்காக ரேகை எடுப்பது பற்றியது, பூட்டைத் திறப்பது பற்றியது அல்ல. என்றாலும் மனதில் இருப்பதைச் சொல்ல வைப்பதும் விரலைப் பிடித்து வைப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. பத்திர எழுத்தருக்கு இது எப்போது பயன்படும் என்று கேட்காதீர்கள். போலிப் பத்திர வழக்குகளில் முதலில் கூப்பிடப்படுவது யார் என்பது அவருக்கே தெரியும்.

திண்டுக்கல் பூட்டு:
இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேக் கணினியை அணைத்துத் திறந்தால் முதலில் கடவுச்சொல்தான், அப்புறம்தான் விரல். விண்டோஸ் அப்படிக் கேட்பதில்லை, திறந்ததும் விரலை ஏற்கிறது. பின் (PIN) எண்ணும் கூடவே இருக்கும், அதை எடுத்துவிட்டு விரலை மட்டும் வைக்க முடியாது. ஆக, முன்வாசல் பூட்டை மாற்றவில்லை, கொல்லைப்புறத்தில் இன்னொரு கதவு வைக்கிறீர்கள்.

திருகாணி:
கதவைப் பற்றியே பேசுகிறோம், சுவரைப் பார்த்தீர்களா? பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். திறக்காத கணினியைக் கொண்டுவந்து “கோப்புகள் மட்டும் போதும் தம்பி” என்பார்கள். நான்கு திருகாணி கழற்றுவேன், சேமிப்பு வட்டை எடுத்து வேறொரு பெட்டியில் செருகுவேன். மறையாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தகவலை உருமாற்றி வைப்பது) செய்யாத வட்டு என்றால் அது என்னிடம் விரலும் கேட்காது, கடவுச்சொல்லும் கேட்காது. கல்யாண ஆல்பம் முதல் வங்கி விவரம் வரை அப்படியே விரியும். அண்ணாச்சி, அமைப்புகளில் சாதன மறையாக்கம் இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் இயக்குங்கள். மீட்புச் சாவி ஒன்று கொடுக்கும், 48 இலக்கம். அதைத் தாளில் எழுதி வீட்டுப் பெட்டியில் வையுங்கள், கடையில் வேண்டாம்.

பின் எண்ணைப் பற்றி: அது அந்தக் கணினியில் மட்டும் செல்லும், பலமுறை தவறினால் பூட்டிக்கொள்ளும். பிறந்த ஆண்டை வைக்காமல் எட்டு இலக்கமாக வையுங்கள். வாடிக்கையாளர் முன்னால் விரல், தனியாக இருக்கும்போது பின் எண். மேலே ஆள் நின்று எட்டிப் பார்க்கும் கடையில் விரல்தான் உத்தமம், இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

திண்டுக்கல் பூட்டு:
மறையாக்கம் பற்றிச் சொன்னது சரி. விரல் விஷயத்தில் நானும் இறங்கி வரவில்லை. வைத்தே தீருவேன் என்றால் இடது கைப் பெருவிரலை மட்டும் பதியாதீர்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் பத்திரத்தில் வைப்பது அதுதான், ஊரெல்லாம் நகல் கிடக்கும் விரலும் அதுதான். கணினி மூடியில் எண்ணெய்க் கையோடு அச்சுப் பதிக்கும் வலது கட்டைவிரலும் வேண்டாம்.

தென்காசிச் சாரல்:
எல்லோருக்கும் நன்றி. மறையாக்கம் அணைந்து கிடந்தது, இயக்கிவிட்டேன். பின் எண் எட்டு இலக்கம், உதவியாளருக்குத் தனிக் கணக்கு கொடுத்தாயிற்று. அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. வலது மோதிர விரலைப் பதிந்து பார்த்தேன். காலையில் ஏற்றது. நாலு பத்திரத்துக்கு மைப்பெட்டியைப் பிடித்து ரேகை வாங்கி முடித்த பிறகு, மதியம் எத்தனை முறை ஒற்றினாலும் “மீண்டும் முயலவும்” என்கிறது. பக்கத்தில் நின்ற பாட்டி, “உனக்குமா விழவில்லை?” என்று கேட்டார். இப்போதைக்குப் பின் எண்தான்.