நான்கு தந்தி பேஸ் கிட்டாரிலிருந்து ஐந்துக்கு: இப்போதே மாறலாமா?

தாழ்சுருதி

ஆறு ஆண்டுகளாக நான்கு தந்தி பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எங்கள் குழுவின் பாடகருக்குக் குரல் முன்புபோல் உச்சத்துக்கு ஏறுவதில்லை. அதனால் பாதிக்கும் மேற்பட்ட பாட்டுகளை இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிக்கட்டு) அளவுக்குக் கீழே இறக்கிவிட்டோம். ஈ சுருதியில் இருந்தவை டி-க்கு வந்துவிட்டன. எஃப்-இல் இருந்தவை ஈ ஃபிளாட்டுக்கு. என் கிட்டாரின் தந்திகள் தாழ்ந்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி; அடிச்சுரமோ ஈ. பாட்டு தரையைத் தொட வேண்டிய இடத்தில் நான் ஒரு ஸ்தாயி மேலே நின்று வாசிக்கிறேன். பல்லவிக்குத் திரும்பும் அந்தக் கணத்தில் மொத்தக் குழுவும் காலடியில் பலகை இல்லாததுபோல் ஒலிக்கிறது.

ஓராண்டுச் சேமிப்பு கையில் இருக்கிறது. ஈ-க்குக் கீழே பி தந்தி கூடுதலாக உள்ள ஐந்து தந்தி வாங்கலாம். ஆனால் என் ஆம்ப்ளிஃபயரும் பழையது; பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து வாங்க வழியில்லை. எது முதலில்?

நாலுதந்தி

ஆம்ப்ளிஃபயர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தம்பி. பலவீனமான பெட்டியில் எத்தனை தந்தி வைத்து வாசித்தாலும் கேட்பவர் காதுக்குப் போவது அந்தப் பெட்டியின் ஒலிதான்.

பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன், 1962ஆம் ஆண்டில் தயாரான ஃபெண்டர் பிரிசிஷன் என்னும் நான்கு தந்தி பேஸ் ஒன்றில், வழவழப்பான ஃப்ளாட்வூண்ட் தந்திகளைப் போட்டு, வலக்கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்தார். மோட்டவுன் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் இசைத்தட்டுகளின் முதுகெலும்பு அது. ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட் இல்லாத ஜாஸ் பேஸில் செய்ததை இன்னும் எல்லோரும் படித்துக்கொண்டிருக்கிறோம். அதற்கும் நான்கு தந்திதான். ஐந்தாவது தந்தி எண்பதுகளில் சிந்தசைசர் கீழே இறங்கியதைப் பார்த்து வந்த பழக்கம்.

உங்களுக்குத் தேவை டி மட்டும்தான். ஈ தந்தியின் முறுக்காணியில் பொருத்தும் சிறு நெம்புகோல் இருக்கிறது; ஹிப்ஷாட் செய்யும் டி-டியூனர் போன்றது. தட்டினால் ஈ டி-யாகும், திருப்பினால் மறுபடி ஈ. ஒரு புதுக் கிட்டாரின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. மீதிப் பணத்தில் நல்ல ஆம்ப்ளிஃபயர் வாங்குங்கள்.

அடிநாதம்

ஜேமர்சனை இந்தப் பேச்சில் இழுப்பது நியாயமில்லை. அவர் வாசித்த பாட்டுகளுக்கு ஈ போதுமானதாக இருந்தது. கேட்டவரின் பாட்டுகளுக்குப் போதவில்லை. பிரச்சினை இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மேதைகளின் பெயரைச் சொல்லி வாயை அடைக்கக் கூடாது.

வரலாறும் நீங்கள் சொன்னதுபோல் இல்லை. ஃபெண்டர் 1965இலேயே ஐந்து தந்தி பேஸ் வெளியிட்டது. அதில் கூடுதல் தந்தி மேலே, உயர் சி. கழுத்தில் 15 ஃப்ரெட் மட்டுமே. அது எடுபடவில்லை. 1975இல் பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சன் தமக்காகக் கருவி செய்பவரான கார்ல் தாம்சனிடம் ஆறு தந்திக் கருவி செய்துகொண்டார். அடுத்த ஆண்டு ஜிம்மி ஜான்சன் என்னும் பேஸ் கலைஞர் அலெம்பிக் நிறுவனத்தின் ஐந்து தந்தியில் உயர் சி-க்குப் பதிலாகத் தாழ் பி போட்டு வாசித்தார். சிந்தசைசர் அலை அடிக்கும் முன்பே இவ்வளவும் நடந்துவிட்டது. அதற்கும் முன்னால், ஆர்க்கெஸ்ட்ராவில் நின்றபடி வாசிக்கும் டபுள் பேஸைப் பாருங்கள். ஈ-க்குக் கீழே போக வேண்டும் என்பதற்காக, தலைப்பகுதியில் நீட்டிப்புப் பொருத்தி சி வரை இறக்குகிறார்கள். இல்லாவிட்டால் ஐந்தாவது தந்தி கட்டுகிறார்கள். தாழ்ந்த சுரத்தின் தேவை இசைக்குள்ளிருந்தே வந்தது.

நெம்புகோலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைத் தட்டியதும் அந்தத் தந்தியில் மட்டும் எல்லாச் சுரமும் இரண்டு ஃப்ரெட் நகர்ந்துவிடும். மூன்றாவது ஃப்ரெட்டில் இருந்த ஜி ஐந்தாவதுக்குப் போய்விடும். பாட்டு நடுவே கை அதைத் தேடும். ஒன்றிரண்டு பாட்டுக்கு அது அருமையான தீர்வு. பாதிக்கு மேல் இறக்கிய ஒருவருக்கு இல்லை.

நாலுதந்தி

ஆண்டுக் கணக்கில் நான் சொன்னது தவறு, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இயற்பியலை எப்படி மறுப்பீர்கள்? ஈ தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். பி தந்தி 31 ஹெர்ட்ஸுக்குச் சற்றே கீழே. பியானோவில் இடக்கோடியிலிருந்து இரண்டாவது வெள்ளைக் கட்டை அது. பத்து அங்குல ஒற்றை ஸ்பீக்கர் அந்த ஆழத்தில் காற்றை அசைப்பதோடு சரி, சுரமாகக் கேட்காது. கேட்காத சுரத்துக்கு ஓராண்டுச் சேமிப்பைக் கொட்டச் சொல்கிறீர்கள்.

அடிநாதம்

அப்படியானால் ஈ-யும் கேட்கக் கூடாது. அந்தச் சிறு பெட்டி 41 ஹெர்ட்ஸையும் முழுதாக எழுப்புவதில்லை. ஆனாலும் ஈ நமக்குக் கேட்கிறது. எப்படி? ஒரு தந்தி அதிரும்போது அடிப்படை அதிர்வோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று மேற்சுரங்களும் எழுகின்றன. பி-க்கு அவை 62, 93 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும். அந்த அடுக்கைக் கேட்ட காது, இல்லாத அடிச்சுரத்தைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. பேஸ் ஒலியின் பெரும்பகுதி நமக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது.

அவர் கேட்கும் டி, விரல் வைக்காத பி அளவுக்குத் தாழ்ந்ததும் இல்லை. பி தந்தியின் மூன்றாவது ஃப்ரெட், ஏறத்தாழ 37 ஹெர்ட்ஸ். ஈ-க்கும் அதற்கும் இடையே 5 ஹெர்ட்ஸுக்கும் குறைவான தூரம்.

தாழ்வைக்கூட விடுங்கள். ஐந்து தந்தியின் பெரிய வரம் கை நகராமல் இருப்பது. பி தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஈ. அங்கிருந்து ஜி தந்தியின் ஒன்பதாவது ஃப்ரெட் ஈ வரை இரண்டு முழு ஸ்தாயி, ஐந்து ஃப்ரெட் அகலத்துக்குள். நான்கு தந்தியில் அதே தூரத்துக்குத் திறந்த (விரல் வைக்காத) ஈ-யில் தொடங்கி ஒன்பதாவது ஃப்ரெட் வரை கை ஊர்ந்து போக வேண்டும். தினமும் புதுச் சுருதியில் வாசிக்கும் மேடைக்காரர்கள் ஐந்துக்கு மாறியதற்கு இதுவே முதல் காரணம்.

நள்ளிரவு ஒத்திகை

இருவரும் கைகளை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். நான் ஐந்து தந்தி வாங்கி, இரண்டு ஆண்டு வாசித்து, விற்றுவிட்டு நான்குக்குத் திரும்பியவள். யாரும் இதை முன்கூட்டி எனக்குச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் சிக்கல், சும்மா இருக்கும் பி தந்தி சும்மா இருக்காது. ஏ-யிலோ டி-யிலோ வாசிக்கும்போது அது தானாக முனகும். ஒத்திகை அறையில் தெரியாது. மேடையில் ஒலி பெரிதானதும் எல்லாச் சுரத்துக்கும் அடியில் ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருக்கும். வலக்கைப் பெருவிரலை பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் கட்டை) மேலே நிரந்தரமாக ஊன்றிப் பழகியிருந்தால் அந்தப் பழக்கத்தை உடைக்க வேண்டும். மேல் தந்திகளுக்குப் போகும்போது பெருவிரலும் தந்தி தந்தியாக இறங்கி வந்து பின்னால் இருப்பவற்றை அடக்க வேண்டும். எனக்கு அது கைவர நான்கு மாதம் ஆனது.

இரண்டாவது, என் கிட்டாரின் பி தந்தி தொளதொளவென்று இருந்தது. அடித்தால் சுரம் வரும் முன் ஒரு தடதடப்பு வந்தது. கடைக்காரர் பழகிவிடும் என்றார். பழகவில்லை. மூன்றாவது, எடை. இரண்டு மணி நேர நிகழ்ச்சி முடிந்தால் இடத்தோள் மரத்துப்போகும். என் கை சிறியது. அகலக் கழுத்தில் ஒவ்வொரு பாட்டும் எனக்குப் போராட்டமாக இருந்தது. நான்குக்குத் திரும்பிய அன்று மறுபடி இசையைக் கேட்க ஆரம்பித்தேன்.

மரமும் கம்பியும்

கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். அந்தத் தடதடப்பைப் பற்றிப் பேசுகிறேன். ஐந்து தந்தி மேல் வரும் புகார்களில் பாதி அதுதான். அது விதி இல்லை, சரிசெய்யக்கூடியது.

தந்தியின் இழுவிசை அதன் எடை, நீளம், சுருதி மூன்றையும் பொறுத்தது. ஈ தந்தி 0.105 அங்குலத் தடிமன் என்றால், அதே இறுக்கம் பி-யில் கிடைக்க ஏறத்தாழ 0.140 வேண்டும். பெட்டியில் வரும் பெரும்பாலான செட்டுகளில் பி 0.130 தான். அதனால்தான் தொளதொளப்பு. ஈ 0.100 உள்ள செட்டில் அதே 0.130 ஒட்டி நிற்கும். சரி, 0.145 போட்டுவிடலாமே என்றால், தடித்த தந்தி கம்பிபோல் விறைக்கும். மேற்சுரங்கள் சுருதி விலகி ஏறும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே அது கட்டையைத் தட்டிய ஒலி. பிரிட்ஜில் (உடலில் தந்திகளைத் தாங்கும் பாலம்) உட்காரும் இடத்தில் சுற்று மெலிந்து வரும் தந்திகள் இந்தக் குறையைக் கொஞ்சம் தணிக்கும்.

நீளம் அடுத்தது. வழக்கமான அளவு 34 அங்குலம். 35 அங்குலமானால் அதே தந்தி, அதே சுருதியில், இழுவிசை ஏறத்தாழ 6 விழுக்காடு கூடும். பெரிய எண்ணாகத் தோன்றாது, விரலுக்குத் தெரியும். ஆனால் முதல் ஃப்ரெட்டில் கை இன்னும் விரிய வேண்டும். நள்ளிரவு ஒத்திகை போன்ற சிறு கைக்காரர்களுக்கு நான் 35ஐப் பரிந்துரைக்க மாட்டேன். நன்றாகச் செய்த 34 அங்குலக் கழுத்தில் அழகாகப் பேசும் பி-யை எத்தனையோ பார்த்திருக்கிறேன். கழுத்து உடலோடு சேரும் மூட்டு இறுக்கமாக இருக்கிறதா, கழுத்து விறைப்பாக இருக்கிறதா என்பது ஓர் அங்குலத்தைவிட முக்கியம்.

வாங்கப் போகும்போது ஆம்ப்ளிஃபயரில் செருகும் முன் வெறுமனே வாசியுங்கள். பி தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டையும் திறந்த ஈ-யையும் மாற்றி மாற்றி அடியுங்கள். இரண்டும் ஒரே சுரம், ஒரே குடும்பக் குரலாக வர வேண்டும். ஒன்று மனிதர், ஒன்று போர்வைக்குள்ளிருந்து பேசும் மனிதர் என்றிருந்தால் வைத்துவிடுங்கள். பிறகு வாரில் மாட்டிக் கையை எடுங்கள். தலை தரையை நோக்கிச் சாய்ந்தால் அந்த எடையை இடக்கை வாழ்நாளெல்லாம் சுமக்கும். பிரிட்ஜில் தந்தி இடைவெளியை அளந்து பாருங்கள். நான்கு தந்தியில் 19 மில்லிமீட்டருக்குப் பழகியவருக்கு 16.5 நெருக்கடியாக இருக்கும், அதிலும் ஸ்லாப் (பெருவிரலால் தந்தியை அறைவது) அடிப்பவருக்கு. பழைய கருவியானால் கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்ய இருக்கும் டிரஸ் ராட் இரு பக்கமும் திரும்புகிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

நாலுதந்தி

இவ்வளவு கவனமாக எழுதியதற்கு நன்றி, ஐயா. ஆனாலும் வாங்குவதற்கு முன் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. இருக்கும் கிட்டாரிலேயே ஜி-யை எடுத்துவிட்டு பி, ஈ, ஏ, டி என்று கட்டலாம். ஒரு தந்தி செட்டின் செலவுதான்.

மரமும் கம்பியும்

கட்டலாம், ஆனால் நட்டில் (கழுத்தின் உச்சியில் தந்திகள் அமரும் பள்ளக்கட்டை) ஈ-க்கு வெட்டிய பள்ளத்தில் 0.130 உட்காராது. அராவி அகலப்படுத்த வேண்டும். அராவிய நட் பழைய தந்திக்குத் திரும்பாது. மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். முறுக்காணித் துளையில் தந்தி நுழைகிறதா என்றும் முதலில் பாருங்கள். பத்து நாள் சோதனைக்கு அது வேண்டாத வேலை. யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

நள்ளிரவு ஒத்திகை

மேலே இருக்கும் ஜி தந்தியை இழப்பதும் சிறு விஷயம் இல்லை. பாடகருக்குப் பதில் சொல்லும் இனிமையான வரிகளெல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

தாழ்சுருதி

இரண்டு வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். ஐயா சொன்னபடி நண்பர் ஒருவரிடம் ஐந்து தந்தி இரவல் வாங்கினேன், 34 அங்குலம். எங்கள் பட்டியலில் 26 பாட்டுகள். ஒவ்வொன்றையும் எழுதிவைத்துப் பார்த்தேன். 15 பாட்டுகளில் ஈ-க்குக் கீழே ஒருமுறையாவது இறங்க வேண்டியிருக்கிறது. அதில் ஆறு, டி-யோடு நிற்கவில்லை, சி வரை போகிறது. அதனால் நெம்புகோல் எனக்கு உதவாது.

முதல் மூன்று நாள் ஏ தந்தி என்று நினைத்து ஈ-யை அடித்தேன். பி-யின் முனகலும் அக்கா சொன்னபடியே வந்தது. நான் பிக்கப்பில் பெருவிரலை ஊன்றிப் பழகியவன்தான். இப்போது மெதுவாக இறக்கப் பழகுகிறேன், தினமும் அரை மணி நேரம், மெட்ரோனோமோடு.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் அந்த டி-யைக் கீழேயே வாசித்தேன். டிரம்ஸ் வாசிப்பவர் பாட்டை நிறுத்திவிட்டு அந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். அதே பழைய ஆம்ப்ளிஃபயரில்தான். ஒலி கொஞ்சம் மங்கலாக இருந்தது, உண்மை. ஆனால் பலகை வந்துவிட்டது. ஐந்து தந்தியே வாங்கப் போகிறேன்.

அடிநாதம்

அந்த மங்கலுக்கு ஒரு வழி: ஆம்ப்ளிஃபயரில் பேஸ் குமிழைக் கூட்டாமல் சற்றுக் குறையுங்கள், நடு அலைகளைக் கொஞ்சம் ஏற்றுங்கள். நான் சொன்ன மேற்சுரங்கள் அங்கே இருக்கின்றன. சிறு ஸ்பீக்கரும் தப்பிக்கும்.

நாலுதந்தி

15 பாட்டு என்பது நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு ஐந்து தந்தி வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. ஆனால் வரிசையில் நான் இன்னும் மாறவில்லை. இரவல் கருவி கையில் இருக்கும்வரை அதில் வாசித்து, ஆம்ப்ளிஃபயரை முதலில் வாங்கியிருப்பேன். நண்பர் எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்?

தாழ்சுருதி

மாத இறுதிவரை, அண்ணா.