'ஆசிட் எல்யூஷன்': கழுவலா, கரைத்தெடுப்பா, இறக்கலா?

அனைவருக்கும் வணக்கம். ஆய்வக நுட்புநர் வகுப்புக்கான செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். தாயின் இரத்தத்தில் கலந்துவிட்ட கருவின் சிவப்பணுக்களைக் கண்டறிய 1957இல் கிளைஹவர், பிரவுன், பெட்கே மூவரும் வெளியிட்ட முறையில் 'ஆசிட் எல்யூஷன்' என்ற சொல் என்னை நிறுத்திவிட்டது. கண்ணாடி வில்லையில் மெல்லிதாகப் பூசிய இரத்தத்தை எத்தனாலில் நிலைப்படுத்தி, அமிலத்தன்மையுள்ள சிட்ரேட்-பாஸ்பேட் கரைசலில் வைத்தால், தாயின் அணுக்களிலிருந்து ஹீமோகுளோபின் வெளியேறிவிடும். கருவின் ஹீமோகுளோபின் தாங்கி நிற்கும். பின்பு இயோசின் போன்ற சாயத்தை ஏற்றினால் கருவின் அணுக்கள் சிவந்தும், தாயின் அணுக்கள் வெற்றுக்கூடாகவும் தெரியும். இதனை 'அமிலக் கழுவல்' என்றால், குடுவையைக் கழுவும் வேலை என்று மாணவர் எண்ணிவிடுவாரோ என்று அஞ்சுகிறேன்.

—

தமிழாசிரியனாகச் சொல்கிறேன். 'காடி' இருக்க வடசொல் வழிவந்த 'அமிலம்' எதற்கு? இரத்தத்தையும் குருதி என்றே எழுதுங்கள். தொல்காப்பிய உரியியலில் 'குரு' நிறத்தைக் குறிக்கிறது. குருதி அதிலிருந்து கிளைத்ததென்பது என் துணிபு. அணுக்களை நிறத்தால் பிரித்தறியும் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறென்ன? 'காடிக் கரைத்தெடுப்பு' என்று முன்மொழிகிறேன்.

—

ஐயா, காடி என்றால் இரத்த வங்கியில் என்னிடம் பயில்வோர் ஊறுகாய்ப் புட்டியைத் தேடுவார்கள். எனக்கு உறுத்துவது 'எடுப்பு'. இச்சோதனையில் கரைந்து வந்ததைக் கொட்டிவிட்டு எஞ்சியதைத்தான் எண்ணுகிறோம். சிவப்பணுவில் ஒட்டிய எதிர்ப்பொருளை (ஆன்டிபாடியை) பிரிக்கும் எல்யூஷனிலோ, வெளிவந்த நீர்மமே வேண்டும், அணுக்களைத் தள்ளிவிடுகிறோம். இரண்டுக்கும் பொதுவான சொல் தேவை. தேயிலையிலிருந்து சாயம் இறங்குகிறது என்கிறோமே, எதை வைத்துக்கொள்வது என்று அச்சொல் தீர்ப்புக் கூறுவதில்லை. ஆகவே 'அமில இறக்கல்'.

—

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பாடநூல்களில் சிவப்பணுவுக்குச் செங்குழியம், வயிற்றில் வளரும் கருவுக்கு முதிர்மூலவுரு என்பவையே வழக்கு. 'கரு' என்றால் எட்டு வாரத்துக்கு முந்தைய முளையமும் அதில் அடங்கிவிடும்.

—

அம்மா, உங்கள் 'இறக்கல்' எனக்கு உடன்பாடே. ஆனால் சோதனையின் தலைப்பில் 'கருவணுச் சோதனை' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அது தவறு. பீட்டா தலசீமியா (ஹீமோகுளோபின் உற்பத்தி குறையும் பரம்பரைக் குறைபாடு) மரபுக்கூறுள்ள தாயின் அணுக்களிலேயே கருவகை ஹீமோகுளோபின் கூடுதலாக இருக்கலாம். அவற்றையும் சேர்த்து எண்ணினால் கணக்கு பிழைக்கும். ஆர்எச் நெகட்டிவ் தாய்க்கு 300 மைக்ரோகிராம் ஆன்டி-டி ஊசி (கருவின் ஆர்எச் பாசிட்டிவ் அணுக்களுக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுப்பது), கருவின் முழு இரத்தம் 30 மில்லிலிட்டர் வரைக்கும்தான் காக்கும் என்பதால், இந்த எண்ணிக்கையை வைத்தே மருந்தளவு முடிவாகிறது. இக்குழப்பம் வந்தால் ஆன்டி-டி எதிர்ப்பொருள் ஒட்டும் அணுக்களை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் செலுத்தி எண்ணும் முறையில்) பார்ப்பார்கள், கரு ஆர்எச் பாசிட்டிவாக இருக்கும்போது. அதற்குத் தமிழ்ச்சொல் இப்போது கேட்காதீர்கள்.

—

நன்றி. 'அமில இறக்கல்' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். முதலிடத்தில் மட்டும் 'ஆசிட் எல்யூஷன்' என்பதும் உடன் வரும். 'கரு' நிற்கிறது, முதிர்மூலவுரு அடிக்குறிப்பில்.

—

அனுப்புங்கள். தேயிலை இறங்கலாம், குருதி ஏன் இரத்தமாகவே நிற்கிறது என்பதற்கு இன்னும் எவரும் விடை சொல்லவில்லை.