கரண்ட் போனதில் ஆல்பைனில் எழுதிய கடிதம் காணவில்லை: மீட்க வழி உண்டா?

தண்டையார்பேட்டை ஆய்வு மாணவி, இரவு 10.42

வணக்கம். அவசரமாக உதவி தேவை. நாளைக் காலை பத்து மணிக்குள் என் நெறியாளருக்கு ஒரு கடிதம் போய்ச் சேர வேண்டும்.

எங்கள் துறையில் மின்னஞ்சலுக்குப் பழைய லினக்ஸ் சர்வர் ஒன்றைத்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து புட்டி என்ற இணைப்பு நிரல் மூலம் நுழைந்து, ஆல்பைன் என்ற நிரலைத் திறந்துதான் படிக்கவும் எழுதவும் வேண்டும். மவுஸுக்கு அங்கே வேலை இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, எல்லாமே விசைப்பலகை. நான் பழகத் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது.

காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களிடம் மூன்று வாரமாக விடியற்காலையில் போய்ப் பேசி எடுத்த குறிப்புகளை, இன்று மாலை ஆறரை மணியிலிருந்து ஒரே கடிதமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். ஏலத்தில் கூடை என்ன விலைக்குப் போனது, ஐஸுக்கு எவ்வளவு, ஆட்டோவுக்கு எவ்வளவு, மாலையில் கையில் மிஞ்சியது எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. ஒன்பதே முக்காலுக்கு மழை வலுத்துக் கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது, மோடம் அணைந்துவிட்டது. கடிதம் திரையில் அப்படியே தெரிந்தது, ஆனால் எந்த விசைக்கும் அசையவில்லை. கரண்ட் திரும்பிய பிறகு ஒரு விசையைத் தட்டியதும், இணைப்பு முறிந்துவிட்டது என்று புட்டி ஒரு சின்னப் பெட்டியைக் காட்டியது. சரி என்று அழுத்தினேன், எல்லாம் போய்விட்டது.

மறுபடி நுழைந்து 'சி' அழுத்தினேன். வெற்றுக் கடிதம்தான் வந்தது. 'எல்' அழுத்திக் கோப்புறைகளைப் பார்த்தேன். அனுப்பிய கடிதங்கள் இருக்கின்றன, ஒத்திவைத்தவை என்று எதுவும் இல்லை. போதாக்குறைக்கு இன்பாக்ஸும் 'படிக்க மட்டும்' என்று திறக்கிறது. ஒரு கடிதத்தை அழிக்க 'டி' அழுத்தினால் முடியாது என்கிறது.

பாதிக் குறிப்புகள்தான் நோட்டில் இருக்கின்றன. மீதி, ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு நேராகத் தட்டியவை. அது போய்விட்டதா?

வியாசர்பாடி, இரவு 10.51

உங்கள் பழைய ஆல்பைன் சர்வரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இன்பாக்ஸ் பூட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம். ஓடும் நிரலை நிறுத்தும் கில் கட்டளையை ஒன்பதாம் எண்ணோடு கொடுத்தால் அது ஒழியும், பூட்டும் விலகும். கடிதத்தை மறுபடி எழுத வேண்டியதுதான், சகோதரி.

பெரம்பூர், சர்வர் பராமரிப்பு, இரவு 10.58

சகோதரி, தயவுசெய்து அந்த ஒன்பதைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கடிதம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

வியாசர்பாடி நண்பர் காரணத்தைச் சரியாகவே பிடித்தார். மருந்துதான் தவறு. கரண்ட் போனது உங்கள் வீட்டில். சர்வருக்கு அது தெரியாது. மோடம் அணைந்தபோது "நான் கிளம்புகிறேன்" என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. அதனால் நீங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றே நினைத்து, பழைய ஆல்பைன் கடிதத்தைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது. இன்பாக்ஸையும் அது விட்டுக்கொடுக்காததால், புதிதாகத் திறந்ததற்குப் படிக்கும் உரிமை மட்டும் கிடைத்தது.

நீங்கள் தட்டியதெல்லாம் அந்தப் பழைய ஆல்பைனின் நினைவகத்தில் இருக்கிறது. ஒன்பதாம் எண் என்பது கழுத்தை ஒரே வெட்டாக வெட்டுவது போல. எதையும் எடுத்து வைக்க நிரலுக்கு நேரம் கிடைக்காது. அதற்குப் பதில், "தொலைபேசி இணைப்பு அறுந்துவிட்டது" என்று சொல்லும் மென்மையான சைகை ஒன்று உண்டு. அது வந்தால் ஆல்பைன் எழுதிக்கொண்டிருந்ததைக் கோப்பில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் சாகும்.

முதலில், இப்போது திறந்திருக்கும் புதிய ஆல்பைனிலிருந்து 'கியூ' அழுத்தி, 'ஒய்' சொல்லி வெளியே வாருங்கள். இது முக்கியம், அப்போதுதான் பட்டியலில் பழையது மட்டும் மிஞ்சும். டாலர் குறி வந்து நிற்கும் இடத்தில் பி, எஸ், ஓர் இடைவெளி, சிறு கோடு, அதை ஒட்டி யூ, மறுபடி இடைவெளி, உங்கள் பயனர் பெயர் என்று தட்டி என்டர் கொடுங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்துகளாகவே இருக்கட்டும். நாலைந்து வரிகள் வரும். வலது ஓரத்தில் ஆல்பைன் என்று இருக்கும் வரியைக் கண்டுபிடித்து, அதன் இடது ஓரத்து எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கே, ஐ, எல், எல், இடைவெளி, சிறு கோடு, அதை ஒட்டிப் பெரிய எழுத்தில் எச், யூ, பி, இடைவெளி, குறித்து வைத்த எண். என்டர் தட்டுமுன் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். பத்து விநாடி பொறுத்து முதல் கட்டளையை மறுபடி கொடுத்தால், ஆல்பைன் வரி மறைந்திருக்க வேண்டும்.

இப்போது ஆல்பைனைத் திறந்து 'சி' அழுத்துங்கள். அடியில் ஒரு கேள்வி வரும். அவசரப்படாமல் முழுதாகப் படித்துவிட்டு 'ஒய்' சொல்லுங்கள்.

கட்டளை தட்டப் பயமாக இருந்தால் சும்மா இருந்தாலும் நடக்கும். இணைப்பில் இரண்டு மணி நேரம் ஓசையே இல்லாவிட்டால் லினக்ஸ் மறுமுனையைத் தட்டிப் பார்க்கும். 75 விநாடிக்கு ஒரு முறையாக ஒன்பது தட்டு. பதில் இல்லையென்றால் இணைப்பை மூடும், ஆல்பைனுக்கும் அதே சைகை போகும். வழக்கமான அமைப்பில் மொத்தம் இரண்டு மணி 11 நிமிடம். நள்ளிரவு தாண்டி 'சி' அழுத்தினாலும் கடிதம் கிடைக்கலாம். ஆனால் உங்களுக்கு விடியற்காலை வேலை இருக்கிறது, இப்போதே செய்வது நல்லது.

தண்டையார்பேட்டை ஆய்வு மாணவி, இரவு 11.09

வெளியே வந்து கட்டளை கொடுத்தேன். ஆல்பைன் ஒரே ஒரு வரியில்தான் இருக்கிறது. எண்ணைக் குறித்துக்கொண்டேன். கை நடுங்குகிறது அண்ணா. ஒன்று மட்டும் கேட்கிறேன்: கேள்வி வரும்போது தவறி 'என்' அழுத்திவிட்டால் கடிதம் போய்விடுமா?

பெரம்பூர், சர்வர் பராமரிப்பு, இரவு 11.11

போகாது. "இடையில் நின்ற கடிதத்தைத் தொடரவா" என்று கேட்கும்போதே, "இல்லை என்று சொன்னாலும் அழியாது" என்று அடைப்புக்குறிக்குள் அந்த நிரலே எழுதிக் காட்டும். நடுங்கும் கைகளை நினைத்துத்தான் யாரோ அதை எழுதியிருக்கிறார்கள். தைரியமாகச் செய்யுங்கள்.

தண்டையார்பேட்டை ஆய்வு மாணவி, இரவு 11.24

வந்துவிட்டது! முழுக் கடிதமும் வந்துவிட்டது!

நீங்கள் சொன்ன அதே கேள்வி, அதே அடைப்புக்குறி. 'ஒய்' அழுத்தியதும் பெறுநர் முகவரி, பொருள், பதினோரு பெண்களின் கணக்கு, எல்லாம் வரிசை குலையாமல் நிற்கிறது. கடைசிப் பெண்ணின் வரி மட்டும் ஐஸ் விலைக்குப் பக்கத்தில் பாதிச் சொல்லோடு முடிகிறது. சரியாக அந்த இடத்தில்தான் விளக்கு அணைந்தது. அந்த ஒரு வரியை முடித்து, கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தி, அனுப்பவா என்று கேட்டதற்கு 'ஒய்' சொல்லி அனுப்பிவிட்டேன். இன்பாக்ஸ் பூட்டும் விலகிவிட்டது.

அம்மா எழுந்து வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்டார்கள். நன்றி அண்ணா.

வியாசர்பாடி, இரவு 11.30

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. ஒன்பதைச் சொன்னதற்கு மன்னியுங்கள். நான் இதுவரை எல்லா நிரலையும் அப்படித்தான் நிறுத்தி வந்தேன், இனி மாட்டேன்.

ராயபுரம், ஓய்வு பெற்ற கணினி ஆய்வகப் பணியாளர், காலை 6.20

இரவு தூங்கிவிட்டேன், இப்போதுதான் படித்தேன். நல்ல வேளை, பெரம்பூர் தம்பி இருந்தார்.

அம்மா, நீ பயன்படுத்தும் நிரலின் தாய்வீடு அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம். 1989-இல் பைன் என்ற பெயரில் அங்கே தொடங்கினார்கள். கணினி படித்தவர்களுக்காக அல்ல. அலுவலக ஊழியர்கள் கையேட்டைத் தொடாமலே கடிதம் எழுத வேண்டும் என்பதற்காக. திரையின் அடியில் எப்போதும் இரண்டு வரி நிற்கிறதே, அந்த இடத்தில் என்னென்ன விசை வேலை செய்யும் என்று, அது இந்த எண்ணத்தில் பிறந்தது. 2007-இல் அதே பல்கலைக்கழகம் அதைப் புதுப்பித்து ஆல்பைன் என்று வெளியிட்டது.

இங்கே 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. நாங்கள் பார்த்ததும் இதே கறுப்புத் திரை, இதே பைன்தான். மோடம் தொலைபேசிக் கம்பியில் ஓடும். உள்ளறையில் யாராவது அழைப்பதற்காக ரிசீவரைத் தூக்கினால் போதும், இணைப்பு அறுந்துவிடும். ஒரு பக்கம் எழுதுவதற்குள் மூன்று முறை அறுந்த நாள்கள் உண்டு. 'இடையில் நின்ற கடிதம்' என்ற ஏற்பாடு அந்தக் காலத்துத் தேவை. தம்பி அனுப்பச் சொன்ன எச், யூ, பி சைகையின் பெயருக்கே ரிசீவரைக் கீழே வைப்பது என்றுதான் பொருள்.

புதிதாகப் பழகுகிறாய் என்பதால் சில சொல்கிறேன். அடி வரிகளில் கூரை போன்ற ஒரு குறியோடு எழுத்து இருந்தால், கன்ட்ரோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த எழுத்தைத் தட்ட வேண்டும் என்று பொருள். எங்கள் மாணவர்களில் பலர் அந்தக் கூரையையும் தேடிப் பிடித்துத் தட்டுவார்கள். இன்னொன்று, ஒரே விசைக்கு இடத்தைப் பொறுத்து வேலை மாறும். தலைப்புப் பகுதியில் நின்று கன்ட்ரோல் ஜே அழுத்தினால் கோப்பு இணைக்கலாம். அதையே கடிதத்தின் உடலில் நின்று அழுத்தினால் வரிகளை இழுத்துச் சேர்த்து ஒரே பத்தியாக்கிவிடும். நீ போட்டாயே கணக்கு, வரிக்கு ஒரு செலவாக, அதெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆனால் வேறு எதையும் தொடாமல் உடனே கன்ட்ரோல் யூ, பழையபடி பிரிந்துவிடும்.

'டி' அழுத்தினால் கடிதம் அழியாது, பக்கத்தில் டி என்று அடையாளம் மட்டும் விழும். 'எக்ஸ்' அழுத்தி 'ஒய்' சொன்னால்தான் உண்மையில் போகும். அதுவரை 'யூ' அழுத்தி மீட்கலாம். வெளியேறும்போதும் அழிக்கவா என்று கேட்கும், அப்போது ஒருமுறை யோசி.

எழுந்து போக நேர்ந்தால் கன்ட்ரோல் ஓ. கடிதம் ஒத்திவைத்த கோப்புறைக்குப் போய்விடும். அடுத்த முறை 'சி' அழுத்தும்போது அதுவே கேட்கும். நேற்று வானம் இருட்டியபோதே அதைச் செய்திருந்தால் உனக்கு இந்த அழுகை இல்லை.

திருவொற்றியூர், காலை 7.05

இதே சர்வர் இல்லை, ஆனால் நானும் ஆல்பைன்தான் பயன்படுத்துகிறேன். தமிழில் வரும் கடிதங்கள் குப்பை எழுத்துகளாகத் தெரிகின்றன. வழி உண்டா?

பெரம்பூர், சர்வர் பராமரிப்பு, காலை 7.40

புட்டியின் அமைப்பில் எழுத்து மாற்றம் என்ற பக்கத்தில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூ.டி.எஃப்-8 முறையைத் தேர்ந்தெடுங்கள், தமிழ் உள்ள எழுத்துருவையும் கொடுங்கள். எழுத்து வரும். ஆனால் கொம்பும் காலும் மெய்யோடு சேராமல் தள்ளி நிற்கும், ஏனென்றால் ஒவ்வொரு குறியையும் தனிக் கட்டத்தில் வைக்கும் திரை அது. எனக்கு அது கண்ணை உறுத்தும். அதனால் தமிழ்க் கடிதம் வந்தால் 'ஈ' அழுத்தி என் கோப்பகத்தில் எடுத்து வைத்து, வின்எஸ்.சி.பி. என்ற கோப்பு மாற்றும் நிரல் மூலம் இறக்கி நோட்பேடில் படிக்கிறேன்.

தண்டையார்பேட்டை சகோதரிக்கு இன்னொன்று. உங்கள் சர்வரில் ஸ்கிரீன் என்ற நிரல் இருக்கிறதா என்று பாருங்கள். இணைப்பு அறுந்தாலும் உள்ளே திறந்ததை அது ஓடவிட்டு வைத்திருக்கும். ஆல்பைனுக்கு முன் அதைத் திறங்கள். இணைப்பு அறுந்தால் மறுபடி நுழைந்து ஸ்கிரீன், இடைவெளி, சிறு கோடு, சிறிய 'டி', இடைவெளி, சிறு கோடு, சிறிய 'ஆர்' என்று தட்டினால் போதும்; பாதிச் சொல்லில் விட்ட இடத்திலேயே கர்சர் மின்னிக்கொண்டிருக்கும். ஒரே சிக்கல், கன்ட்ரோல் ஏ-யை ஸ்கிரீன் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். ஆல்பைனில் வரியின் தொடக்கத்துக்குப் போக, கன்ட்ரோல் ஏ அழுத்தி, கையை எடுத்து, மறுபடி 'ஏ' மட்டும் தட்டுங்கள்.

தண்டையார்பேட்டை ஆய்வு மாணவி, காலை 9.15

ஸ்கிரீன் இருக்கிறது அண்ணா, இப்போது அதற்குள்ளிருந்துதான் ஆல்பைனைத் திறந்தேன். இன்பாக்ஸில் புதிதாக ஒரு வரி, முன்னால் ஒரு கூட்டல் குறி, பக்கத்தில் 'என்'. நேராக எனக்கே எழுதப்பட்ட புதிய கடிதம் என்று உதவிப் பக்கத்தில் போட்டிருந்தது. நெறியாளர்தான். கணக்குகள் நன்றாக வந்திருப்பதாக எழுதிவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: கடைசிப் பெண் சொன்ன ஐஸ் விலை பெட்டிக்கா, கிலோவுக்கா?

ராயபுரம் ஐயா, பதில் கடிதத்தைத் திறந்து இரண்டு வரி எழுதி, நீங்கள் சொன்னபடி கன்ட்ரோல் ஓ கொடுத்து வைத்திருக்கிறேன். நாளை விடியற்காலை காசிமேட்டில் அந்த அக்காவிடமே கேட்டுவிட்டு வந்து முடிக்கிறேன்.