ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. கடவுளின் இரக்கத்தில் ஆறுதல் எடுப்பது எப்படி?

விசுவமடு_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். இங்கே எல்லாச் சமயத்தவரும் இருக்கிறீர்கள், அதனால் பொதுவாகவே கேட்கிறேன். என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி இப்போது டயலிசிஸில்தான் காலம் ஓடுகிறது. பஸ் காசு, மருந்துக் காசு என்று போய்க்கொண்டிருக்க, கார்த்திகை வெள்ளத்தில் காலபோகத்துக்கு, அதாவது மாரிகால நெல்லுக்கு, விதைத்த வயலும் தண்ணீருக்குள் கிடந்து அழுகிவிட்டது, நகை அடகில், கிழமைக் கடன்காரர் வாசலில். 2009இல் பங்கருக்குள் ஷெல் சத்தத்துக்கு நடுவில் தானாக வந்த ஜெபம், இப்போது சொந்த வீட்டில் பாயில் இருந்தால் வரவில்லை. அதுதான் எனக்கே விளங்கவில்லை. சபையில் சொன்னால், விசுவாசம் காணாது, வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, உபவாசம் இருங்கள் என்கிறார்கள். நான் என்ன பாவம் செய்தேன்? கடவுள் இரக்கமுள்ளவர் என்று சின்ன வயதிலிருந்து சொல்லித் தந்தார்களே, அதில் ஆறுதல் எடுப்பது எப்படி? பிரசங்கம் வேண்டாம், தெரிந்ததைச் சொல்லுங்கள்.

மாங்குளத்தான்:
அக்கா, மறைவான பாவம் என்று சொன்னவர்களிடம் யோபு புத்தகத்தைக் கடைசி அதிகாரம் வரை வாசிக்கச் சொல்லுங்கள். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் இருந்தார்கள், அதுவரைக்கும் நல்ல மனிதர்கள்தான். வாயைத் திறந்து நீ ஏதோ செய்திருக்கிறாய் என்று தொடங்கிய பிறகுதான் பிழையாகிப் போனது. முடிவில் கடவுளுக்குக் கோபம் வந்தது யோபுவில் இல்லை, அவர்களில்.

ஜெபம் வரவில்லை என்றால் முறைப்பாடு வருமா? அதையே சொல்லுங்கள். சங்கீதம் 88ஐ எடுத்துப் பாருங்கள், கடைசி வசனம் வரைக்கும் ஆறுதலே வராது, சிநேகிதரும் விலகிவிட்டார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் சுவரில் மாட்டி வைத்திருக்கும் 'அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்' என்ற வசனம் எங்கே இருக்கிறது தெரியுமா? புலம்பல் 3இல். எருசலேம் எரிந்து, பிள்ளைகள் பசியில் சுருண்டு விழுந்த கதைக்கு நடுவில். வயிறு நிறைந்தவர் எழுதியதாக இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

அப்புறம், 'என் கிருபை உனக்குப் போதும்' என்பது. பவுல் தன் உடம்பில் இருந்த முள்ளை எடுத்துவிடச் சொல்லி மூன்று தரம் கேட்டார், எடுபடவில்லை, அந்தப் பதில்தான் கிடைத்தது. விசுவாசம் காணாமலா? அவருக்கே காணாது என்றால் எங்களுக்கெல்லாம் என்ன கதி! ஆனால் ஒன்று, அது அவருக்கு நேரே கிடைத்த பதில். பக்கத்து வீட்டுக்காரர் வந்து உனக்குக் கிருபை போதும் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போவதற்கு எழுதப்பட்டதில்லை.

முள்ளியவளை_சிவம்:
நான் சைவக்காரன், குறுக்கிடுவதற்குக் குறை நினைக்காதீர்கள் தங்கச்சி. நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டீர்களே, அப்பர் சுவாமிகளின் முதல் பதிகமே அந்தக் கேள்விதான். சூலை நோயில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திருவதிகையில் பாடியது. 'கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமைபல செய்தன நானறியேன்.' எமன் மாதிரி வந்திருக்கும் இந்த நோயை விலக்கமாட்டேன் என்கிறீர், நான் செய்த கொடுமை என்னவென்று எனக்குத் தெரியவும் இல்லை என்று நேரே சாமியிடம் சண்டை. அதைத்தான் நாங்கள் தேவாரம் என்று கும்பிட்டுப் பாடுகிறோம்.

இன்னொன்று, அவர் சைவத்தை விட்டுச் சமணத்துக்குப் போயிருந்தவர். நோய் வந்தபோது தமக்கை திலகவதியாரிடம்தான் ஓடி வந்தார். அந்த அம்மா போனதற்குக் கணக்குக் கேட்கவில்லை, திருநீற்றைக் கொடுத்துக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அருள் முதலில் அக்கா உருவத்தில்தான் வந்தது. உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார், அவரிடம் போங்கள். குற்றம் பிடிக்கிற இடத்துக்குக் கொஞ்ச நாள் போகாமல் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

பண்டிவிரிச்சான்_பிள்ளை:
2008 சித்திரையில், யுத்தத்தில், மடு மாதா கோயில் பக்கம் ஷெல் விழத் தொடங்கினபோது குருமார் மாதாவின் திருச்சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். மாதாவே போய்விட்டா, இனி ஆர் எங்களைக் காப்பாற்றுவது என்று அம்மம்மா அழுதா. என் அம்மா மட்டும், மாதாவும் எங்களைப் போல் இடம்பெயர்ந்து திரிகிறா, எங்கள் பாடு அவவுக்கு இப்போது நல்லாத் தெரியும் என்றா. எனக்கு இன்று வரைக்கும் இரக்கம் என்றால் அந்தக் கதைதான் நினைவு வரும். கஷ்டம் தீர்ந்ததா என்றால், இல்லை, அதற்குப் பிறகுதான் கூடியது. ஆனாலும் தனியாக இருக்கிறோம் என்ற எண்ணம் அம்மாவுக்கு வரவில்லை. இதைவிட விளக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது அக்கா.

பங்கருக்குள் வந்த ஜெபம் இப்போது வரவில்லை என்கிறீர்களே, அங்கே பத்துப் பேர் சேர்ந்து செபமாலை சொல்லியிருப்பீர்கள், இப்போது தனிய இருக்கிறீர்கள். அதுவாகவும் இருக்கலாம். களைப்பாகவும் இருக்கலாம், நித்திரை கொள்ளுகிறீர்களா?

கிளி_தம்பி:
பெரியவர்கள் நல்லாச் சொல்லிவிட்டார்கள், நான் வேறு கதை சொல்கிறேன் அக்கா. வயல் அழிவைக் கமநல சேவை நிலையத்தில் பதிந்தீர்களா? பயிர்க் காப்புறுதிக்கு அவர்கள் வந்து பார்க்க வேண்டும், பிந்தினால் வயல் காய்ந்து அடையாளமே இல்லாமல் போய்விடும். சிறுநீரக நோயாளருக்கு மாதாந்தக் கொடுப்பனவு ஒன்றும் இருக்கிறது, கிராம சேவகரிடம் கேட்டுப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். இதைக் கேட்டால் விசுவாசம் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு இங்கே எழுதுங்கள்!

விசுவமடு_அக்கா:
எல்லாருக்கும் நன்றி. முறைப்பாட்டையே சொல்லலாம் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரவு 88ஐ இவருக்கு வாசித்துக் காட்டினேன், இவர் சிரித்துவிட்டு, இதை எழுதினவனுக்கும் டயலிசிஸ் நடந்திருக்கும் என்றார். பண்டிவிரிச்சான் பிள்ளை, நித்திரை இல்லைத்தான். தம்பி, கமநல சேவைக்கு இன்னும் போகவில்லை. காணி இவருடைய தகப்பனின் பெயரில் இருக்கிறது, அவர் இப்போது இல்லை. அப்படியென்றாலும் பதிவார்களா?

கிளி_தம்பி:
கமக்கார அமைப்பு, அதாவது விவசாயிகள் சங்கத் தலைவரிடம் அந்த வயலை நீங்கள்தான் செய்கிறீர்கள் என்று ஒரு கடிதம் வாங்கி, காணிப் பத்திரத்தின் கொப்பியோடு கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். திங்கள் காலையிலேயே போங்கோ அக்கா, பிந்த வேண்டாம்.